பகல் வகுப்பிலே இரவு வானம்



வத்தேகமையில் விண்மீன்களைக் காண்பது அத்துணை எளிதன்று. கிழக்கே நக்கிள்ஸ் மலைத்தொடர் நிற்கிறது. பருவக்காற்று இரண்டும் எங்களை நனைத்துவிட்டே செல்லும். மாலை ஐந்து மணிக்கே பன்வில வீதி வழியாக மூடுபனி இறங்கத் தொடங்கும் நாள்கள் பல. கார்த்திகை மாதத்திலே அறுமீன் கூட்டத்தைக் காட்டலாமென்று மாணவரை முற்றத்துக்கு அழைத்துச் சென்ற ஆசிரியர் ஒருவர், கடைசியில் முகில்களின் வகைகளைக் கற்பித்துவிட்டுத் திரும்பியதை நான் கண்டிருக்கிறேன்.

இத்தகைய ஊரிலுள்ள ஓர் அரசாங்கப் பாடசாலையின் அதிபர், அதிலும் பேராதனையில் வரலாறும் தமிழும் பயின்று கலைப்பட்டம் பெற்ற ஒருவர், வானியலைப்பற்றி வானொலியிலே பேச முன்வந்தது எதற்காக என்று நீங்கள் எண்ணக்கூடும். நான் செய்த தவறு ஒன்றிலிருந்து தொடங்கினால் அதற்கு விடை கிடைக்கும்.

2022 ஆம் ஆண்டு மார்ச் மாதம். நாடெங்கும் மின்வெட்டு. மாத இறுதியில் ஒரு நாள் 13 மணி நேரம்வரை மின்சாரம் இல்லாதிருந்ததை எவரும் மறந்திருக்கமாட்டார்கள். அந்த இருளினாலும் ஒரு நன்மை விளைந்தது. கண்டி நகரத்துப் பக்கமாக வானத்தின் அடியில் எப்பொழுதும் தெரிகின்ற மங்கிய வெளிச்சம் அணைந்தது. மழையும் ஓய்ந்திருந்த காலம். லயத்து வாசலிலும் கடைத்தெருத் திண்ணையிலும் அமர்ந்திருந்த பிள்ளைகள், வானத்திலே இத்தனை உடுக்கள் உண்டென்பதை முதன்முறையாகத் தம் கண்ணாலே கண்டார்கள். மறுநாள் பதினோராந் தரத்து மாணவி ஒருத்தி விஞ்ஞான ஆசிரியையிடம், “டீச்சர், புத்தகத்தில் இருப்பதெல்லாம் வேறு யாரோ பார்த்தவைதானே? நாங்கள் பார்த்து எழுதினால் அதை யாராவது எடுத்துக்கொள்வார்களா?” என்று கேட்டாள்.

அந்த ஆசிரியை நல்லவர். அதற்குமேல், விடாப்பிடியானவர். பாடசாலை மாணவர்கள் உண்மையான தொலைகாட்டிப் படங்களை ஆராய்ந்து அளவீடுகளை அனுப்பக்கூடிய முயற்சிகள் சில உலகத்திலே நடப்பதை அவர் எங்கோ படித்திருந்தார். என் அறைக்கு வந்து, வாரத்துக்கு இரண்டு மணி நேரம் கணினி அறையைத் தந்தால் போதும் என்று கேட்டார். நான் மறுத்துவிட்டேன். பெருந்தொற்றினாலே தள்ளிப்போன சாதாரண தரப் பரீட்சை மே மாதத்தில் வரவிருந்தது. மின்சாரம் இல்லை, டீசல் இல்லை, கடதாசி இல்லை. “பரீட்சை முடியட்டும், பார்க்கலாம்” என்றேன். அதிபர்மார் வாயில் அடிக்கடி வருகின்ற வாக்கியம் அது. பரீட்சை முடிந்தது. கேள்வி கேட்ட மாணவியும் பாடசாலையை விட்டுப் போய்விட்டாள்.

காரணம் கேட்டால் இன்றும் என்னால் நூறு காரணம் சொல்ல முடியும். ஆயினும் அந்தப் பிள்ளையின் கேள்வி சாதாரணமான கேள்வியன்று. தொலைக்கல்வி என்று நாம் சொல்லிக்கொள்ளும் ஏற்பாடு முழுவதையுமே அது தொட்டுவிட்டது.

இப்பொழுது நான் பேசிக்கொண்டிருக்கிறேன், நீங்கள் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். உங்களுக்கு ஐயம் எழுந்தால் நான் அதனை அறியேன். நீங்கள் வானொலிப் பெட்டியைத் திருகி மூடிவிட்டாலும் அறியேன். கொழும்பிலே 1925 ஆம் ஆண்டு முறையான ஒலிபரப்பு ஆரம்பமான காலந்தொட்டு, தூரத்திலிருப்போருக்குக் கல்வி வழங்க இதனினும் மலிவான வழி அமையவில்லை. பாடசாலை ஒலிபரப்பைக் கேட்டு வளர்ந்தவர்களில் நானும் ஒருவன். ஆனாலும் அது ஒருவழிப் பாதை. 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது தொலைக்காட்சியிலும் கைத்தொலைபேசியிலும் நடந்த பாடங்களும் பெரும்பாலும் ஒருவழிப் பாதைகளே. பதுளை மாவட்டத்துப் போகிட்டியாவையில் மாணவர்கள் அலைவரிசை தேடி மலையுச்சிப் பாறைக்கு ஏறிய செய்தியை உலகப் பத்திரிகைகள் படத்துடன் வெளியிட்டன. எங்கள் பக்கத்துத் தோட்டங்களிலும் மேட்டுக்கும் மரத்தடிக்கும் அலைந்த பிள்ளைகள் உண்டு. அவ்வளவு பாடுபட்டு ஏறி அவர்கள் பெற்றது என்ன? ஆசிரியர் எழுதிய குறிப்பின் ஒளிப்படம். அதைப் பார்த்துக் கொப்பியில் எழுதினார்கள். பதிலுக்கு அவர்களிடமிருந்து எவரும் எதனையும் எதிர்பார்க்கவில்லை.

எதிர்பார்த்தால் என்ன ஆகும் என்பதுதான் இன்றைய பேச்சு.

முதலிலே, அந்த ஆசிரியை சொன்ன முயற்சியைச் சற்று விளக்கவேண்டும். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே ஞாயிற்றைச் சுற்றிவரும் சிறுகோள்கள் பல. அவற்றில் முதலாவதாகிய சீரிசை இத்தாலிய வானியலார் பியாற்சி 1801 சனவரி முதலாம் நாள் கண்டார். கண்டவர் சில வாரங்களில் நோயுற்றார். சிறுகோளும் ஞாயிற்றின் ஒளியில் மறைந்துவிட்டது. ஜெர்மானியக் கணித மேதை கௌஸ் அதுவரை கிடைத்த சில அளவீடுகளைக் கொண்டு பாதையைக் கணித்துக் கொடுக்க, அவ்வாண்டின் இறுதியிலே அது மீண்டும் அகப்பட்டது. கண்டுபிடித்தல் ஒரு தொழில், கண்டதைத் தொலைந்துபோகாமல் காத்தல் மற்றொரு தொழில் என்பது அன்றே விளங்கியது. இன்று அறியப்பட்ட சிறுகோள்கள் 13 இலட்சத்துக்கும் மேல். பூமியின் பாதைக்கு அருகே வருவனவும் அவற்றிலுண்டு. ஆகவே மீண்டும் மீண்டும் அளந்துகொண்டேயிருக்கவேண்டும்.

ஹவாய்த் தீவுகளில் ஹலேயக்கலா என்னும் எரிமலை உச்சியில், ஏறத்தாழ 3,050 மீற்றர் உயரத்தில், பான்-ஸ்டார்ஸ் என்னும் தொலைகாட்டி நிற்கிறது. நமது பீதுருதலாகலையின் உயரம் 2,524 மீற்றர் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் ஆடியின் விட்டம் 1.8 மீற்றர். கமெராவில் 140 கோடிப் படப்புள்ளிகள். வானத்தின் ஒரே பகுதியைச் சில நிமிட இடைவெளிகளில் நான்கு தடவை படம்பிடிப்பது அதன் வழக்கம். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்து ஹார்டின்-சிம்மன்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பற்றிக் மில்லர் என்னும் பேராசிரியர், இத்தகைய படங்களை உலகெங்குமுள்ள மாணவர்களுக்குக் கட்டணமின்றிக் கிடைக்கச் செய்யும் முயற்சியொன்றை 2006 இல் தொடங்கினார். அனைத்துலக வானியல் தேடல் ஒத்துழைப்பு என்று அதன் பெயரைத் தமிழாக்கலாம். ஆங்கில முதலெழுத்துக்களைச் சேர்த்து ‘ஐசக்’ என்று உச்சரிக்கிறார்கள். நியூட்டன் பெயர் நினைவுக்கு வருவது தற்செயலாயிராது.

மாணவர் செய்யும் வேலை இது: ஒஸ்திரியாவைச் சேர்ந்த ஹேர்பேர்ட் ராப் என்பார் ஆக்கிய அஸ்ட்ரோமெட்ரிக்கா என்னும் மென்பொருளிலே நான்கு படங்களையும் ஏற்றவேண்டும். கண்சிமிட்டுவதைப்போல அவை ஒன்றன்பின் ஒன்றாக மாறிமாறித் திரையில் வரும். உடுக்கள் அசையா. ஏதேனுமொரு புள்ளி சிறிது சிறிதாக நகருமாயின், அதுவே சிறுகோளாக இருத்தல் கூடும். ‘இருத்தல் கூடும்’ என்பதிலேதான் பாடம் முழுவதும் அடங்கியிருக்கிறது. அப்புள்ளி நேர்கோட்டில் நகர்கிறதா? சமகாலத்தில் சமதூரம் செல்கிறதா? ஒளிர்வு ஏறத்தாழ மாறாதிருக்கிறதா? உடுக்களைப்போல உருண்ட வடிவம் அதற்குண்டா, அல்லது கமெராவின் குறைபாட்டினால் விழுந்த மறுவா? இத்தனையையும் சோதித்தபின், நான்கு நேரங்களில் அது நின்ற நான்கு இடங்களையும் எண்களாக எழுதி அனுப்பவேண்டும். அங்குள்ளோர் அதைத் திரும்பச் சோதிப்பர். தேறியவை அமெரிக்காவின் மசாசுசெற்ஸ் மாநிலத்திலுள்ள சிறுகோள் மையத்துக்குப் போகும். உலகத்துச் சிறுகோள் அளவீடுகள் எல்லாவற்றுக்கும் பதிவேடு அங்குதான்.

2023 ஆம் ஆண்டு அந்த ஆசிரியை இரண்டாம் முறை என் அறைக்கு வந்தார். இம்முறை நான் மறுக்கவில்லை. இத்தகைய தேடற்பணி ஒன்றில் எமது பாடசாலையிலிருந்து ஐவர் ஐவராக இரு குழுக்கள் பங்குபற்றின. கணினி அறையில் இயங்கும் நிலையிலிருந்த பழைய கணினிகள் மூன்று. அந்த மென்பொருளுக்குப் பழைய கணினியே போதும் என்பது எங்கள் பாக்கியம். படத் தொகுதிகளை இறக்குவதுதான் வில்லங்கமாயிருந்தது. ஆசிரியை தம் வீட்டில் இரவிலே இறக்கிப் பேனாச் செலுத்தியில் கொண்டுவந்தார். அந்தச் செலவை அவர் என்னிடம் கேட்கவில்லை. நானும் நெடுநாள் கேட்காதிருந்துவிட்டேன்.

முதல் வாரத்தில் பிள்ளைகளுக்கு எல்லாமே சிறுகோளாகத் தெரிந்தது. ஒரே படத்தொகுதியில் பதினேழு! மூன்றாம் வாரத்திலே நிலைமை மாறிற்று. ஒரு குழுவினர் குறித்ததை மற்றக் குழுவினர் மறுக்கத் தொடங்கினர். நான் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். முப்பது ஆண்டுகள் ஆசிரியத் தொழிலில் இருந்திருக்கிறேன். மாணவர்கள் புள்ளிகளுக்காகச் சண்டையிட்டதைக் கண்டிருக்கிறேன். ஓர் அளவீடு சரியா பிழையா என்பதற்காக அவர்கள் இவ்வளவு சூடாக வாதிட்டதைக் கண்டதில்லை.

மடுல்கலைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து பத்தாந் தரத்துக்கு வரும் மாணவி ஒருத்தி மிக மங்கலான புள்ளியொன்றைப் பிடித்திருந்தாள். ஏற்கெனவே அறியப்பட்டவற்றின் பட்டியலில் அது இல்லை. குழு முழுவதும் ஆரவாரம். அறிக்கை போயிற்று. சில நாள்களில் பதிலும் வந்தது: ஏற்கப்படவில்லை.

அன்று மாலை அவள் வீட்டுக்குப் போகும் பேருந்தையும் விட்டுவிட்டு, ஏன் ஏற்கவில்லை என்று கேட்டு எழுதவேண்டுமென நின்றாள். ஆங்கில ஆசிரியரின் துணையுடன் நாலு வரி எழுதப்பட்டது. விடையும் வந்தது. முதல் மூன்று படங்களிலும் புள்ளி ஒழுங்காகவே நகர்ந்திருக்கிறது. நான்காவது படத்தில் அவள் குறித்த இடம் அந்த நேர்கோட்டிலிருந்து விலகியிருக்கிறது. அங்கே இருந்தது வெறும் இரைச்சல். அவள் படத்தைத் திரும்ப ஏற்றிப் பார்த்தாள். உண்மைதான். அந்த இடத்தில் ஏதோ இருக்கவேண்டுமென்று மனம் விரும்பியது, கண்ணும் அதற்கு உடன்பட்டுவிட்டது.

புதிய சிறுகோள் எதனையும் நாங்கள் கண்டுபிடிக்கவில்லை என்பதை ஒளிக்காமற் சொல்கிறேன். அறியப்பட்ட சிறுகோள்கள் சிலவற்றை அளந்து அனுப்பினோம். அவ்வளவே. எனினும், எங்கோ கடல்கடந்த ஒரு மேசையிலே ஒருவர் வத்தேகமைப் பிள்ளையின் எண்களை எடுத்துக் கருத்தூன்றிப் பார்த்து, ‘இது பிழை, பிழை இவ்விடத்தில்’ என்று சொன்னாரே, அது எனக்குப் பெரிதாகப்பட்டது. பிழையென்று சொல்வதற்கும் முதலில் ஒருவரை ஒரு பொருட்டாக மதிக்கவேண்டுமல்லவா?

இவ்விடத்தில் ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். 2020 ஆம் ஆண்டு குஜராத் மாநிலத்துச் சூரத் நகரைச் சேர்ந்த மாணவியர் இருவர் இத்தகைய தேடலிலே ஒரு சிறுகோளை இனங்கண்டனர். பெருமைக்குரிய செய்தி. ஆனால் பத்திரிகைகள் எழுதிய விதத்தைப் பார்த்தால், மறுநாளே அதற்குப் பெயர்சூட்டு விழா நடக்குமென்று தோன்றும். முதற்காட்சி என்பது முதற்படி மாத்திரமே. பின்னர் வேறு இரவுகளில் வேறு தொலைகாட்டிகள் அதனைக் காணவேண்டும். பாதை உறுதியாகி எண் வழங்கப்படுவதற்கு ஆண்டுகள் பல செல்லும். அதன் பிறகே பெயரைப்பற்றிய பேச்சு. சான்றிதழையும் தலைப்புச் செய்தியையும் காட்டிப் பிள்ளைகளை இத்துறைக்கு இழுப்பது எனக்கு உடன்பாடன்று. இழுக்கலாம், ஆனால் நிலைக்கமாட்டார்கள்.

காத்திருந்து கண்டவர்களும் உண்டு. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து ஒயில் சிற்றி என்னும் சிற்றூரின் உயர்தரப் பாடசாலை மாணவியர் இருவர், 1994 இல் எம்51 என்னும் சுருளி வடிவ உடுத்தொகையின் படங்களை ஒரு கல்வித் திட்டத்தின் வழியே கேட்டுப் பெற்றனர். தற்செயலாக அந்த நாள்களிலேயே அத்தொகையில் ஓர் உடு வெடித்துப் பேரொளி வீசிற்று. அவர்கள் கேட்டு எடுக்கப்பட்ட படங்கள் அந்த வெடிப்பின் ஆரம்ப ஒளியைப் பதிந்திருந்தமையால் ஆய்வாளருக்குப் பயன்பட்டன. 2007 இல் நெதர்லாந்து நாட்டுப் பாடசாலை ஆசிரியையான ஹனி வான் ஆர்க்கெல், இணையத்திலே பொதுமக்களுக்குக் காட்டப்பட்ட உடுத்தொகைப் படங்களை வகைப்படுத்திக்கொண்டிருக்கையில், அதுவரை எவரும் கவனியாத ஒரு பெரும் வாயுமுகிலைக் கண்டு, இது என்ன என்று கேட்டார். அதற்கு இன்று அவருடைய பெயரே வழங்குகிறது. கேட்டவர் ஓர் ஆசிரியை என்பதில் எனக்குத் தனிப்பட்ட மகிழ்ச்சி.

நேயர்களே, இரவிலே பிள்ளைகளை, குறிப்பாகப் பெண்பிள்ளைகளை, பாடசாலைக்கு வரச்சொல்ல எங்கள் பக்கத்தில் இயலாது. கடைசிப் பேருந்து போய்விட்டால் தேயிலை மலைக்கூடாக நடக்கவேண்டும். சிறுத்தை நடமாடும் இடங்களும் உண்டு. ஆகவே வானியல் என்றதும் எல்லாரும் முதலிற் கேட்பது, ‘இரவுக்கு என்ன செய்வீர்கள்?’ என்பதே. இதற்கு எங்கள் புவியியல் ஆசிரியர் பூகோள உருண்டையைச் சுழற்றிக் காட்டியே விடை சொல்லிவிட்டார். வத்தேகமையில் காலை 7.30 மணிக்கு மணி அடிக்கும்போது தென்னமெரிக்காவின் சிலி நாட்டில், குளிர்கால நேரப்படி, முந்தின நாளிரவு 10 மணி. நாங்கள் பாடசாலை விடும் 1.30 மணிக்கு அங்கே அதிகாலை 4 மணி. அஃதாவது, எங்கள் பாடசாலைப் பொழுது முழுவதும் அவர்களுக்கு இரவு! உலகத்திலேயே மிகத் தெளிந்த வானமுடைய மலைகள் அந்நாட்டில்தான் உள்ளன.

இது வெறுங்கற்பனையன்று. இந்த நூற்றாண்டின் ஆரம்பத்தில் டில் ஃபோக்ஸ் என்னும் பிரித்தானியச் செல்வர், இரண்டு மீற்றர் ஆடியுடைய இரு தொலைகாட்டிகளை, ஒன்று ஹவாயிலும் மற்றது அவுஸ்திரேலியாவிலுமாக, பிரதானமாகப் பாடசாலைகளுக்கென்றே அமைப்பித்தார். இலண்டனில் காலை 10 மணியாகும்போது ஹவாயில் நள்ளிரவு. பிரித்தானிய மாணவர் காலை வகுப்பிலிருந்தபடியே தொலைகாட்டியைத் திருப்பினர். பின்னர் அவை லாஸ் கும்ப்ரெஸ் என்னும் உலகளாவிய தொலைகாட்டி வலையமைப்பிலே சேர்ந்தன. அதன் தொலைகாட்டிகள் சிலியிலும் உண்டு. கலிபோர்னியப் பாலைவனத்திலுள்ள கோல்ட்ஸ்ரோனில், 34 மீற்றர் அகலமுடைய வானொலி அலைவாங்கி ஒன்றை மாணவர்கள் வகுப்பறையிலிருந்து இயக்குகின்ற திட்டம் 1990களின் பிற்பகுதியில் உருவாயிற்று. வானொலி அலை முகிலையும் பொருட்படுத்தாது, பகலையும் பொருட்படுத்தாது. வத்தேகமைக்கென்றே செய்ததைப்போல இருக்கிறதல்லவா?

நமது நாட்டிலேயும் வசதி இல்லாமலில்லை. ஜப்பான் வழங்கிய 45 சென்றிமீற்றர் தொலைகாட்டி 1996 இல் மொறட்டுவையிலுள்ள ஆதர் சி. கிளார்க் நிறுவனத்துக்குக் கிடைத்தது. எங்கள் மாணவர் அங்கு போய்வர ஒரு பகலும் ஒரு பேருந்துக் கூலியும் வேண்டும். மலைநாட்டுக்கும் வன்னிக்கும் உள்ள பாடசாலைகள் தத்தம் இடத்திலிருந்தே அதற்குக் கேள்வி அனுப்பிப் படம் பெறுவதற்கு மாதத்தில் ஓர் இரவாவது ஒதுக்கப்படுமானால், அதன் பயன் பன்மடங்காகும் என்பது என் எண்ணம்.

இனி, பழைய செய்தியொன்று. வரலாறு படித்தவன் பழையதைத் தொடாமல் விடமாட்டான்! யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனரிமார் 1823 இல் நிறுவிய செமினரியில் வானியல் ஒரு பாடமாக இருந்தது. 1829 மார்ச்சில் ஒரு சந்திர கிரகணம் வரவிருந்தது. அராலியைச் சேர்ந்த பஞ்சாங்க கணிதர் விசுவநாத சாஸ்திரியார் கணித்த நேரத்துக்கும், செமினரி அதிபர் டானியல் பூவரின் கணிப்புக்கும் சில நிமிடங்கள் வேறுபட்டன. தொடங்கும் நேரம், மறைக்கப்படும் அளவு, நீடிக்கும் காலம் என்று ஒவ்வொன்றிலும் வேறுபாடு. கிரகணத்தன்று இரவு எல்லாரும் வானத்தைப் பார்த்தே தீர்ப்பை அறிந்தனர். செமினரியின் கணிப்பே சரியாயிருந்தது. அந்த வழக்கின் பின்னாலிருந்த சமயப் போட்டியை நான் இங்கு கிளறவில்லை. பஞ்சாங்க கணிதரின் திறமையையும் குறைத்துச் சொல்லேன். மேலைத்தேயக் கருவி ஏதுமின்றி, வழிவழி வந்த வாய்பாட்டைக்கொண்டு சில நிமிடப் பிழைக்குள் ஒரு கிரகணத்தைச் சொல்வதென்றால் அது இலேசான காரியமா? நான் கருதுவது வேறு. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே நமது தமிழ் மாணவர்கள், ஆசிரியர் சொன்னார் என்பதற்காக அன்றி, கடிகாரத்தையும் வானத்தையும் ஒருங்கே பார்த்து ஒரு வழக்கைத் தீர்த்த இரவை அறிந்திருந்தனர். அதே செமினரியின் ஹொய்சிங்டன், இந்திய வானியல் முறையை விளக்கும் நூலொன்றை மொழிபெயர்ப்போடு 1848 இல் வெளியிட்டார். அந்தப் பரம்பரை எப்படியோ அறுந்து, வானியல் இன்று நமது விஞ்ஞானப் புத்தகத்தின் கடைசி அலகுகளில் ஒன்றாகச் சுருங்கிக் கிடக்கிறது. தவணை முடிவதற்குள் பல ஆசிரியர்கள் அந்தப் பக்கத்தை எட்டுவதேயில்லை.

கணினி இல்லாத பாடசாலை என்ன செய்யும் என்று கேட்பீர்கள். ஒரு மீற்றர் நீளமான கம்பு இருக்கிறதா? தொலைபேசி ஒன்று இருக்கிறதா? அவை போதும்.

இரவும் பகலும் சமமாகும் மார்ச் மாதத்து நாளையொட்டி, யாழ்ப்பாணத்துப் பாடசாலை ஒன்றோடு தொலைபேசியிற் பேசி, இரு முற்றங்களிலும் ஒரு மீற்றர் கம்பை நட்டோம். நண்பகலில் நிழல் மிகக் குறுகும்போது அதனை அளக்கவேண்டும். முதல் நாள் வத்தேகமையில் முகில். “அண்ணா, இங்கே நல்ல வெயில், உங்களுக்கு என்ன?” என்று அங்கிருந்த சிறுமி ஒருத்தி கேலி செய்தாள். மறுநாள் இரு இடத்திலும் வெயில். எங்கள் நிழல் 12.7 சென்றிமீற்றர். அவர்களுடையது 17.1. இரண்டு இடங்களிலும் ஒரே ஞாயிறு, ஒரே அளவுக் கம்பு, ஆயினும் ஏறத்தாழ நாலரைச் சென்றிமீற்றர் வித்தியாசம். ஏன்? பூமி வளைந்திருப்பதனால்!

மேசையிலிருந்து கணித்தோம். எங்கள் நிழலின் கோணம் 7.24 பாகை, அவர்களுடையது 9.70 பாகை, வித்தியாசம் 2.46 பாகை. வத்தேகமையிலிருந்து யாழ்ப்பாணம் நேர்வடக்காக எவ்வளவு தூரமென்று தேசப்படத்தில் அளந்தபோது ஏறத்தாழ 257 கிலோமீற்றர். 2.46 பாகைக்கு 257 ஆனால் 360 பாகைக்கு? 37,600 கிலோமீற்றர் என வந்தது. பூமியின் உண்மையான சுற்றளவு ஏறக்குறைய 40,000. இரண்டாயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர் எகிப்தில் எரற்றொஸ்தெனிஸ் செய்ததையே நாங்களும் செய்தோம். நூற்றுக்கு ஆறு வீதம் பிழை. பிழை யாருடையது என்று தொலைபேசியிலே அரைமணி நேரம் வழக்கு நடந்தது. அவர்களுடைய கம்பு செங்குத்தாக நிற்கவில்லை என்பது இவர்கள் கட்சி. மலையிலே சமதரை ஏது, உங்கள் முற்றமே சரிவு என்பது அவர்கள் கட்சி. நூற்குண்டு கட்டிப் பார்த்ததில், இரு தரப்பிலும் சிறிது உண்மை இருந்தது.

அந்த அரைமணி நேரத்தில் ஒரு விடயத்தைக் கவனித்தேன். யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளும் மலையகத்துப் பிள்ளைகளும் ஒருவரையொருவர் நேரிற் கண்டதில்லை. ஒருவர் பேச்சுவழக்கு மற்றவருக்குப் புதிது. நல்லுறவுக் கூட்டங்களில் மாலை போட்டு உரையாற்றுவோர் சொல்லும் எதனையும் அவர்கள் சொல்லிக்கொள்ளவில்லை. நிழலைப்பற்றி மாத்திரமே பேசினார்கள். இப்பொழுது, எங்கள் பாடசாலை அலுவலகத் தொலைபேசி ஒலித்தால் அது யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு சிறுவனாகவும் இருக்கலாம்.

மொழியைப்பற்றியும் ஒரு சொல். படங்களோடு வந்த அறிவுறுத்தல்கள் யாவும் ஆங்கிலம். தமிழ்மொழி மூலம் பயிலும் பிள்ளைக்கு முதல் மலை அதுவே. எமது நூலகத்தில், அரசகரும மொழித் திணைக்களம் அந்நாளில் வெளியிட்ட கலைச்சொற்றொகுதிகள் தூசி படிந்து கிடந்தன. மாணவர்கள் அவற்றை எடுத்துத் தூசு தட்டி, கிடைத்த சொற்களை எடுத்தும், கிடைக்காதவற்றைத் தாமே ஆக்கியும், நாற்பது சொற்கொண்ட ஒரு பட்டியலை எழுதிச் சுவரில் ஒட்டினார்கள். ஆக்கிய சொற்களிற் சில எனக்குப் பிடிக்கவில்லை. தமிழாசிரியன் என்ற முறையில் திருத்த முனைந்தேன். “சேர், இது எங்களுக்கு விளங்குகிறது” என்றார்கள். விட்டுவிட்டேன்.

நியாயமான ஆட்சேபம் ஒன்று உண்டு. சிலியிலே புதிதாக அமைந்த வேரா ரூபின் வானாய்வகம், 2025 சூனில் தன் முதற்படங்களை வெளியிட்டபோது, ஏறக்குறையப் பத்து மணி நேர அவதானிப்பில் 2,104 புதிய சிறுகோள்களைக் கண்டதாக அறிவித்தது. கண்டது மனிதக் கண்ணன்று, கணினி. இனிப் பிள்ளைகளின் கண்ணுக்கு அங்கே என்ன வேலை? எங்கள் கல்வி வலயத்து நண்பர் ஒருவர் இதனை என்னிடம் கேட்டார். என்னிடம் முழுமையான விடை இல்லை. சிறுகோள் தேடலில் மாணவர் பங்கு நாளடைவில் குறையலாம். ஆயினும் ஹனி வான் ஆர்க்கெல் கண்ட முகிலை எந்தக் கணினியும் தேடிக்கொண்டிருக்கவில்லை. அப்படி ஒன்று உண்டென்று எவருக்கும் தெரியாது. தெரியாததைத் தேடுமாறு கட்டளை எழுதுவது எப்படி? மேலும், பூமியின் சுற்றளவு எல்லாருக்கும் தெரியும் என்பதற்காக நாங்கள் கம்பை நடாமல் விடவில்லையே!

சென்ற தைப்பொங்கலுக்குப் புடைவை எடுக்கக் கண்டிக்குப் போயிருந்தேன். கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்த பெண் எழுந்து நின்றாள். 2022 இல் அந்தக் கேள்வியைக் கேட்ட மாணவி. ஊர்ப் புதினம், பாடசாலைப் புதினம் எல்லாம் விசாரித்தாள். பிறகு, தயங்கியவாறு, “சேர், பிறகு நீங்கள் அந்தப் படங்களை எடுத்தீர்களா?” என்றாள். எடுத்தோம் என்றேன். மடுல்கலைப் பிள்ளை அனுப்பிய அறிக்கை தள்ளப்பட்டதையும் சொன்னேன். அவள் கணக்குப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, “ஏன் தள்ளினார்கள்?” என்று கேட்டாள். நான்காவது படத்தில் புள்ளி கோட்டில் இல்லை என்றேன். “முதல் மூன்றையும் வைத்து நான்காவது எங்கே இருக்கவேண்டுமென்று முன்கூட்டியே பார்க்கலாமே சேர்” என்றாள். வாடிக்கையாளர் ஒருவர் வந்துவிட்டார். நான் புடைவையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கடை பூட்டு. மூன்று கணினிகளில் ஒன்றை ஞாயிறு காலையில் பழைய மாணவர்களுக்குத் திறந்து வைக்கலாமா என்று ஆசிரியையிடம் கேட்டிருக்கிறேன். இம்முறை கேட்பவன் நான், யோசிப்பவர் அவர்.

வரும் மார்ச்சில் மீண்டும் கம்பு நடுவோம். பருத்தித்துறையிலிருந்து தெய்வேந்திரமுனை வரை நாட்டின் நீளம் ஏறத்தாழ நாலு பாகை. இரு முனைகளிலும் ஒவ்வொரு பாடசாலை கிடைத்தால், நிழல் வித்தியாசம் ஏழு சென்றிமீற்றர் அளவுக்கு வரும், பிழையும் குறையும். கம்பு ஒரு மீற்றர் இருக்கட்டும். நூற்குண்டு கட்டிச் செங்குத்துப் பாருங்கள். தரையைச் சமப்படுத்திப் பலகை போடுங்கள். நண்பகலுக்குப் பத்து நிமிடம் முன்னரே தொடங்கி, நிமிடத்துக்கு ஒரு தடவை நிழலின் நுனியைக் குறித்துக்கொண்டு வாருங்கள். மிகக் குறுகிய நிழல் எதுவோ, அதனை மட்டுமல்லாமல் எல்லாக் குறிகளையும் எழுதி வையுங்கள். உங்கள் கணக்கை வத்தேகமைப் பிள்ளைகள் சோதிப்பார்கள். அவர்களுடையதை நீங்கள் சோதியுங்கள்.